பையனைக் கஞ்சா கேஸில் பிடித்துவிட்டார்களா? கூடலூர், பந்தலூர் பக்கத்து வீடுகளுக்கு

நீலகிரியில் கூடலூர், பந்தலூர், தேவாலா, சேரம்பாடி, ஓவேலி பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும் காலனிகளிலும் இருக்கிற அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். பையன் கஞ்சா பிடிக்கிறான் என்று தெரிந்தும் யாரிடம் சொல்வது என்று புரியாமல் இருப்பவர்களுக்கும், நேற்று ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும். சட்ட உதவி கேட்டுக் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, வக்கீலிடம் அழைத்துப் போவது என்று என் நாள் ஓடுகிறது. அங்கே திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். போதைக்குப் பழகிப்போனவனுக்கு ஆஸ்பத்திரி, விற்றுக் காசு பார்க்கிறவனுக்கு ஜெயில் என்று நம் சட்டத்திலேயே இரண்டு வழி இருக்கிறது. ஆனால் ரிசார்ட்டில் பிடிபடுகிற பெரிய வீட்டுப் பையன் முதல் வழியில் போகிறான், அதே ஒரு பொட்டலத்தோடு செக்போஸ்ட்டில் பிடிபடுகிற லைன் வீட்டுப் பையன் இரண்டாவது வழியில் போகிறான். முதல் இரண்டு மூன்று நாளில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருந்தாரா இல்லையா என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அந்த ஆளாக நீங்களே இருக்கலாம்.

இன்னும் யாரும் பிடிக்கவில்லை என்றால்

முதலில் இதைத்தான் செய்ய வேண்டும், இதைத்தான் எல்லோரும் தள்ளிப் போடுகிறார்கள். 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச எண், பேர் சொல்லாமலேயே பேசலாம். மனசு சம்பந்தமாகப் பேச 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவிக்கு 104. போனில் பேசக் கூச்சமாக இருந்தால் கூடலூர் ஜி.எச்.சுக்குப் போய், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் வருகிற நாள் எது என்று கேளுங்கள்; இல்லையென்றால் நேராக ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. பழங்குடி மக்களுக்காகக் கூடலூரில் 1990 முதல் இயங்கிவரும் அஸ்வினி ஆஸ்பத்திரி பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் குடும்பங்களுக்குப் பழகிய இடம், அங்கே போய் வாயைத் திறப்பது சுலபமாக இருக்கும்.

எங்கே போனாலும் ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். பின்னால் ஒருவேளை கேஸ் ஆனால், "இவன் சிகிச்சையில் இருக்கிறவன்" என்று காட்ட அந்தக் கசங்கிய சீட்டைவிடப் பெரிய சாட்சி கிடையாது. பெரிய வீட்டு வக்கீல்கள் கோர்ட்டில் முதலில் நீட்டுவது இதைத்தான், நம்மவர்கள் கையில் இல்லாமல் போவதும் இதுதான்.

வீட்டில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கஞ்சாவை நிறுத்தினால் முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் உச்சத்துக்குப் போகும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், உயிருக்கு ஆபத்து என்று பொதுவாக இல்லை. ஆனால் சாராயம் அப்படி இல்லை. தினமும் குடிக்கிற ஆள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உளறல் வந்து உயிரே போகலாம், தூக்க மாத்திரையும் அப்படித்தான். அதனால் பையன் கஞ்சாவோடு வேறு என்னவெல்லாம் எடுக்கிறான் என்பதைத் திட்டாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது மாத்திரைப் பழக்கம் மலை மேலும் வந்துவிட்டது, வலி மாத்திரையைப் பொடி செய்து தண்ணீரில் கலந்து ஊசியில் ஏற்றுகிறார்கள். கையில் தழும்பு, முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது, குளியலறையில் வெகுநேரம் இருப்பது இதெல்லாம் தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி இரண்டும் வரலாம், அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனை இலவசம்.

தனியார் மறுவாழ்வு மையம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று. காட்டத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்கிற இடம் வேண்டவே வேண்டாம். 18 வயது ஆனவனை அவன் சம்மதத்தோடுதான் சேர்க்க வேண்டும், சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்குத் தனியாக மருத்துவப் பரிசோதனையும் காலவரம்பும் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. சங்கிலியில் கட்டிவைப்பது எந்த நிலையிலும் குற்றம்.

பிடித்துவிட்டார்கள் என்றால், முதல் நாள்

எந்த ஸ்டேஷன் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் மூன்று மாநிலம் சேர்கிற இடம். நாடுகாணி தாண்டி வழிக்கடவு பக்கமோ, தாளூர் தாண்டி வயநாடு பக்கமோ பிடித்திருந்தால் அது கேரளத்துக் கேஸ், கோர்ட்டும் அங்கேதான், இங்கே கூடலூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுது பிரயோஜனமில்லை. கக்கநல்லா தாண்டியிருந்தால் கர்நாடகம்.

பிடித்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோக வேண்டும், பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்பதைப் பார்த்தவர்களிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதுங்கள், மாலை 5 மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறக்கியதை மறுநாள் காலை 9 மணிக்குப் பிடித்ததாக எழுதுவது நடக்காத காரியம் இல்லை. கைதுக்கான காரணத்தை எழுத்தில், பிடிபட்டவனுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சமாக வைத்திருந்த கேஸ் என்றால் உயர்ந்தபட்ச தண்டனையே 1 வருஷம், இந்த மாதிரி 7 வருஷத்துக்குட்பட்ட குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. "சார், நோட்டீஸ் குடுத்து அனுப்புங்க சார், கூப்பிட்டப்போ கூட்டிட்டு வர்றோம்" என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று உத்தரவாதம் கிடையாது, ஆனால் கேட்டதாவது வக்கீல் சொல்வதற்கு ஒரு விஷயமாக இருக்கும்.

வயது. இதை அழுத்திச் சொல்கிறேன். பையனுக்கு 18 முடியவில்லை என்றால் அவனை ஜெயிலுக்கு அனுப்பவே முடியாது, இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிற, படிப்பை விட்ட பையன்களைப் பார்த்தவுடன் 19, 20 என்று எழுதிவிடுகிறார்கள், அவர்களும் ஆமாம் சார் என்று தலையாட்டுகிறார்கள். ஆறாம் வகுப்பில் நின்றவனாக இருந்தாலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதி பதிவாகியிருக்கும், தலைமை ஆசிரியரைப் பார்த்து அன்றைக்கே சான்று வாங்குங்கள். சின்னப் பையன் கையில் பொட்டலத்தைக் கொடுத்து விற்கச் சொன்ன பெரியவன் யாராவது இருந்தால், அவனுக்கு 7 வருஷம் வரை தண்டனை உண்டு, அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள்.

வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், பையனையும் போடவிடாதீர்கள். "ஏம்மா, ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று ரைட்டர் சொல்வார். "வக்கீல் வந்ததும் படிச்சுட்டுப் போடறோம் சார்" என்று சொல்லுங்கள், அதற்கு மேல் வாதம் வேண்டாம். போதைப்பொருள் வழக்கில் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தூஃபான் சிங் என்பவருக்கும் நம் தமிழ்நாடு அரசுக்கும் நடந்த வழக்கு அது. அப்படியிருந்தும் கையெழுத்து வாங்குகிறார்கள், ஜாமீன் நேரத்தில் அது இடைஞ்சலாகத்தான் வந்து நிற்கும்.

எடை

கேஸின் உயிர் எடையில் இருக்கிறது. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டமும், 2001 அறிவிப்பில் வந்த அளவுகளும் சொல்வது இதுதான்: கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறிய அளவு, தண்டனை 1 வருஷம் வரை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோ முதல் 20 கிலோ வரை இடைப்பட்ட அளவு, 10 வருஷம் வரை போகலாம், 1 லட்சம் வரை அபராதம். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, அங்கே குறைந்தபட்சமே 10 வருஷம், ஜாமீன் கிடைப்பது மிக மிகக் கடினம். செடி வளர்த்தால் அது தனி, 10 வருஷம் வரை. கஞ்சாவை விட்டுப் பார்த்தால் அளவுகள் சட்டென்று சுருங்கும்: சரஸ் என்கிற கஞ்சாப் பிசின் 100 கிராம், ஹெராயின் 5 கிராம், எம்.டி.எம்.ஏ. அரை கிராம் வரைதான் சிறிய அளவு. டிரமடால் என்கிற வலி மாத்திரை 2018 முதல் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, மெடிக்கலில் கிடைக்கிறதுதானே என்று நினைத்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது மகஜரை, அதாவது எதை எவ்வளவு பிடித்தோம் என்று போலீஸ் எழுதிய தாளை, கையில் வாங்கிப் பாருங்கள். "சுமார் 1 கிலோ 100 கிராம்" என்று இருக்கும். அந்த 100 கிராமில் 1 வருஷக் கேஸ் 10 வருஷக் கேஸ் ஆகிறது. அது எப்படி எடை போட்டது? பிளாஸ்டிக் பையோடா, பை இல்லாமலா? எந்தத் தராசு, மளிகைக் கடையிலிருந்து எடுத்து வந்ததா? சட்டத்தின்படி கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிகள்தான், நுனி சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. தண்டு, இலை, விதை எல்லாம் சேர்த்து எடை போட்டார்களா? இங்கே ஜூன் ஜூலையில் பிடித்த எதுவும் ஈரமாகத்தான் இருக்கும், தென்மேற்குப் பருவமழையில் நம் வீட்டுத் துணியே ஒரு வாரம் காயாது, பச்சையாக எடை போட்டது காய்ந்தபின் எவ்வளவு வரும் என்று யோசியுங்கள். பிடித்ததை மாஜிஸ்திரேட் முன்னால் பட்டியல் போட்டு மாதிரி எடுக்க வேண்டும் என்று 52ஏ பிரிவு இருக்கிறது, அது நடந்ததா, எந்தத் தேதியில் நடந்தது? இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வக்கீல் கையில் கொடுங்கள். ஒரே நாளில் பல கேஸ் பார்க்கிற வக்கீலுக்கு அது பெரிய உதவி.

உடம்பைச் சோதித்து எடுத்தார்களா, பையிலிருந்து எடுத்தார்களா என்பதும் முக்கியம். உடம்பைச் சோதிப்பதென்றால், "மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், இது 50-வது பிரிவு. பையைச் சோதிப்பதற்கும் வண்டியைச் சோதிப்பதற்கும் இது பொருந்தாது. பெண்ணாக இருந்தால் பெண்தான் சோதிக்க வேண்டும்.

வக்கீலுக்குக் காசு இல்லை என்றால்

இருக்கிற நகையை அடகு வைப்பதற்கு முன்னால் 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். 1987 சட்டப்படி பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கவனியுங்கள், காவலில் இருக்கிற எவனுக்கும் உண்டு, சாதிச் சான்று இருக்கிறதா என்பதே கேள்வி இல்லை. அதனால் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள், சாதிச் சான்றுக்காக வருஷக்கணக்கில் தாலுகா ஆபீஸ் படி ஏறிக்கொண்டிருப்பவர்கள், தைரியமாகக் கேட்கலாம். இலவச வக்கீல் சரியாகப் பேசமாட்டார் என்று பலர் சொல்கிறார்கள். சிலர் அப்படித்தான், சிலர் உயிரைக் கொடுத்து வாதாடுகிறார்கள். சரியில்லை என்றால் மாற்றிக் கேட்டு மனு கொடுக்கலாம்.

அப்புறம், யார் வக்கீலாக வந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: சிறிய அளவுக் கேஸ் என்றால், "குற்றத்தை ஒத்துக்கொள், ஃபைன் கட்டிவிட்டுப் போய்விடலாம்" என்று சொல்ல வேண்டாம். கோர்ட் வாசலில் மிக அதிகமாகக் கேட்கும் ஆலோசனை இதுதான். கூலி போகிறதே, சீக்கிரம் முடிந்தால் போதுமே என்று நம்மவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். அப்படி ஒத்துக்கொண்டால் அது தண்டனை. டிரைவர் வேலை, செக்யூரிட்டி வேலை, பாஸ்போர்ட், எதற்குப் போனாலும் போலீஸ் சரிபார்ப்பில் வந்து நிற்கும், இன்னொரு தடவை மாட்டினால் தண்டனை ஒன்றரை மடங்கு வரை ஏறும்.

அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு. சிறிய அளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ (27-வது பிரிவு) குற்றம் சாட்டப்பட்டவன் போதைக்கு அடிமையானவன் என்றால், அவனாக முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவன்மேல் அந்தக் குற்றத்துக்கு வழக்கு நடத்த முடியாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், அதைப் பையனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவேளை தண்டனை வரைக்கும் போய்விட்டாலும் 39-வது பிரிவு இருக்கிறது, ஜெயிலுக்குப் பதிலாக, அவன் சம்மதத்தோடு, சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இந்த இரண்டு பிரிவும் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கேஸில்தான் அவற்றின் பெயரே வருவதில்லை, எனக்கு இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. டாக்டர் சான்று, பழைய ஓ.பி. சீட்டுகள், எவ்வளவு நாளாகப் பழக்கம் என்று வீட்டார் எழுதிய ஒரு பக்கம், இவ்வளவும் சேர்த்து மனு போடச் சொல்லுங்கள். விற்றவனுக்கு இது பொருந்தாது. இரண்டு பொட்டலம் விற்றுத் தன் செலவுக்குப் பார்த்துக்கொண்ட பையன்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள், அங்கே வக்கீல் திறமை வேண்டும்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராத பையன்கள்

எங்கள் பக்கத்தில் அநியாயம் இங்கேதான் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஜாமீன் உத்தரவு வந்துவிடும், இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும், சொத்துக் காகிதம் காட்ட வேண்டும் என்று இருக்கும். கவுன்டரில் கேட்பார்கள், "பட்டா இருக்கா?" "இல்லீங்க சார், பிரிவு 17 நிலம்." "வீட்டு வரி ரசீது?" "கம்பெனி லைனுங்க." அவ்வளவுதான், பையன் கிளைச் சிறையிலோ கோவை மத்திய சிறையிலோ அப்படியே இருப்பான்.

ஜமீன் மாதிரியான ஜன்மி நிலங்களை அரசு எடுத்துக்கொள்வதற்கான கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் 1969-ல் வந்தது, இன்றைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த 17-வது பிரிவு நிலத்தில் பட்டா இல்லாமல் இருக்கின்றன. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக உண்டான டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வீடு தோட்டத்தினுடையது. பணியர் காலனியில் பலருக்கு இருப்பது ஒரு தொகுப்பு வீடு மட்டும். அதாவது ஊட்டி டவுனில் சொந்த வீடு இருக்கிறவன் மகன் அன்று மாலையே வெளியே வருகிற அதே உத்தரவில், இவர்கள் பிள்ளை மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறான். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், தண்டனை பெற்றவர்கள் இல்லை.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒன்று நடந்ததைப் பற்றிச் சொல்லலாம். 1986-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். கிராக் என்கிற கட்டிக் கோகைன் 5 கிராம் இருந்தால் குறைந்தபட்சம் 5 வருஷம் ஜெயில், தூள் கோகைனுக்கு அதே 5 வருஷம் வர 500 கிராம் வேண்டும். ஒன்றுக்கு நூறு. இரண்டும் ஒரே பொருள். கிராக் கேஸில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 2010-ல்தான் அதை ஒன்றுக்குப் பதினெட்டு என்று குறைத்தார்கள், முன்பே தண்டிக்கப்பட்டவர்களுக்கும் அது பொருந்தும் என்று ஆக 2018 ஆனது. அதுவரை போன வருஷங்கள் போனதுதான். நம் சட்டத்தில் சாதி எழுதியில்லை, பழங்குடி என்று எழுதியில்லை. ஜாமீன் கவுன்டரில் கேட்பது பட்டா, வரி ரசீது, சம்பளச் சான்றுதான், கணக்கு எங்கே போய் முடிகிறது என்று நீங்களே பார்க்கலாம். உள்ளே போனபின்னும் சாதி விடுவதில்லை. சிறை விதிகளில் சாதி பார்த்து வேலையும் அறையும் ஒதுக்குவது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதே 2024 அக்டோபரில்தான்.

சரி, என்ன செய்யலாம். ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறை அதிகாரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே யோசிக்கலாம் என்றும் 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் வழிகாட்டியிருக்கிறது. அதைச் சொல்லி, பட்டா இல்லாத காரணத்தையும் விளக்கி, சொந்தப் பிணையில் விடக் கேட்டு மனு போடச் சொல்லுங்கள். பிரிவு 17 நிலம் என்பதற்கு வி.ஏ.ஓ.விடம் ஒரு சான்று, ரேஷன் கார்டு, ஆதார், தோட்டத்து வேலை அட்டை, தினக்கூலிப் பதிவு எல்லாம் சேருங்கள். நிரந்தர வேலையில் இருக்கிற உறவுக்காரரின் சம்பளச் சான்று இருந்தால் பட்டாவுக்குப் பதிலாக ஏற்கிற நீதிபதிகள் உண்டு. "பட்டா இருக்கிற ஆளை நான் பிடித்துத் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்று கோர்ட் வாசலில் நிற்கிறவர்களிடம் போகாதீர்கள், அந்தக் காகிதம் போலியாக இருந்தால் புதுக் கேஸ் உங்கள் மேல் வரும்.

நாள் கணக்கும் வையுங்கள். போலீஸ் குற்றப்பத்திரிகை போட அளவைப் பொறுத்து 60, 90, வணிக அளவில் 180 நாள் கெடு. கெடு முடிந்த மறுநாளே கேட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும், அவர்கள் குற்றப்பத்திரிகை போட்டுவிட்ட பிறகு கேட்டால் அந்த உரிமை இல்லை. ரிமாண்ட் ஆன தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். முதல் தடவை மாட்டினவன், வேறு கேஸ் இல்லாதவன், உயர்ந்தபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாகவே இருந்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு சொல்கிறது. வணிக அளவுக் கேஸிலும் நம்பிக்கையை விடாதீர்கள். கஞ்சா வழக்கில் 7 வருஷத்துக்கு மேல் விசாரணை முடியாமல் உள்ளே இருந்த ஒருவருக்கு 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் ஜாமீன் கொடுத்தது. ஏழைகளுக்குச் சிறை என்றால் வேலை உடனே போகும், குடும்பம் சிதறிப்போகும் என்பதையும் அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார்கள், முகமது முஸ்லிம் வழக்கு என்று சொன்னால் வக்கீலுக்குத் தெரியும்.

குண்டாஸ் போட்டுவிட்டார்கள் என்றால் அது வேறு பாதை. 1982-ம் வருஷத்து 14-வது சட்டம் அது. ஜாமீன் அங்கே உதவாது, 12 மாதம் வரை வைத்திருக்கலாம். உத்தரவின் நகலும் ஆதாரங்களும் தமிழில் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அரசுக்கு மறுப்பு மனுவை உடனே அனுப்புங்கள், ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். அதற்கும் சட்டப் பணிகள் ஆணையம் வக்கீல் தரும்.

வெளியே வந்தபிறகு

ஊசி, மாத்திரைப் பழக்கம் இருந்த பையன் என்றால் வெளியே வந்த முதல் இரண்டு வாரம் கண்கொத்திப் பாம்பாக இருங்கள். உள்ளே இருந்த நாளில் உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும், பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். மூச்சு மெதுவாகி உதடு நீலம் பாரித்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், கேஸ் வரும் என்று பயந்து தாமதிக்க வேண்டாம். வந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், மறுபடி ஓ.பி. சீட்டு, அதே கவரில்.

வாய்தாவைத் தவறவிடாதீர்கள். ஒரு நாள் போகாவிட்டால் பிடிவாரண்ட், ஜாமீன் ரத்து, மறுபடி உள்ளே. கேஸ் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனால் அது எந்த ஊரில் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள், ஏனென்றால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்ந்துதான் நம்மவர்களை வாய்தாவுக்கு வராமல் செய்கிறது. மழைக்காலத்தில் நடுவட்டம் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால், காலை 10 மணிக்கு முன்னாலேயே வக்கீலுக்குப் போன் செய்து அன்றைய ஆஜருக்கு விலக்கு மனு போடச் சொல்லுங்கள், ரோடு அடைத்திருப்பதைப் போனில் ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். அடுத்த தேதியை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.